குடும்பத் தலைவரின் பெயரில்

எங்கள் வீட்டுப் படிவங்களை எல்லாம் கலியாணம் செய்த நாள் தொட்டு நான்தான் நிரப்புகிறேன். திருகோணமலையில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் எழுதுவினைஞர் வேலை. படிவத்தைக் கண்டால் கை தானாக ஓடும். மின்சாரம், தண்ணீர், வாக்காளர் இடாப்பு, எதுவானாலும் சரி. 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் கணவரின் பெயரை எழுதி, அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டு, அவசரமென்றால் அவர் கையெழுத்தையும் நானே வைத்துவிடுவேன். துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கும் அந்த மனிதருக்கு ஆயிரம் சாமானின் இலக்கம் மனப்பாடம். தன் அடையாள அட்டை இலக்கம் மட்டும் வராது. யாராவது கேட்டால் எனக்குத்தான் தொலைபேசியில் கோல் எடுப்பார்.

ஆகவே கைபேசியில் சூதாட ஒரு கணக்குத் திறந்தபோதும் அவருடைய பெயரைத்தான் எழுதினேன். அவரை மாட்டிவிடும் நோக்கம் எனக்கு இருக்கவில்லை என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள். எங்கள் லிங்கநகரில் எந்தப் பெண்ணிடமும் ஒரு படிவத்தை நீட்டிப் பாருங்கள், புருஷனின் பெயரை எழுதி முடித்த பிறகுதான் என்ன படிவம் என்று கேட்பாள்.

மரவள்ளிக்கிழங்குக் கறி வைப்பது எப்படி என்று ஒரு காணொளி பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பால் விடும் நேரத்தில் நடுவே விளம்பரம் வந்தது. ஒரு சின்ன விமானம் மேலே ஏறும். ஏற ஏறக் கட்டிய காசு பெருகும். விமானம் பறந்து மறைவதற்குள் ஒரு பொத்தானை அமத்திவிட்டால் பெருகிய காசு உங்களுக்கு. அமத்தப் பிந்தினால் கட்டியதும் போச்சு. அவ்வளவுதான் விளையாட்டு. மூளையே தேவையில்லை என்பதால் அலுவலகத்துக்கு மிகவும் பொருத்தமாக இருந்தது.

முதல் நாள், மீன் வைத்த மாலுபணிஸ் ஒன்று வாங்கும் காசைக் கட்டினேன். மூன்று பணிஸ் வாங்கும் காசு வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என் பதவி உயர்வுக் கடிதம்கூடத் தரவில்லை. கரண்ட் பில் ஏறிக் கிடந்த காலம். சம்பளம் மாதத்தின் மூன்றாம் கிழமையோடு முடிந்துவிடும். வீட்டுக்காகத்தானே ஆடுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் ஓடினேன்.

அந்தக் கம்பனி மிகவும் பொறுப்பான கம்பனி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். திரையின் அடியில், எறும்பு வாசிக்கும் எழுத்தில், 'பொறுப்புடன் விளையாடவும்' என்று எழுதியிருந்தார்கள். நான் பொறுப்பான பெண். நாளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்தேன். வரம்பை எட்டியதும் 'வரம்பை உயர்த்த விரும்புகிறீர்களா?' என்று, இந்த முறை எறும்பு அல்ல யானை வாசிக்கும் எழுத்தில், ஒரு பச்சைப் பொத்தான் வந்து நின்றது. இன்னொரு நாள் மனம் வெறுத்து 'ஓய்வு எடுங்கள்' என்பதை அமத்தி ஒரு கிழமைக்குக் கணக்கை மூடினேன். மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. 'உங்களைக் காணாமல் தவிக்கிறோம். உங்களுக்காக ஒரு பரிசு காத்திருக்கிறது.' எனக்குக் கூடப்பிறந்தவர்கள் நாலு பேர். ஒருவராவது மூன்று நாளில் என்னைத் தேடியது கிடையாது.

அலுவலகத்தில் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குள் நின்று ஆடினேன். குசினியில் பருப்பு அடிப்பிடிக்க ஆடினேன். பஸ் நிலையத்தில் நின்று ஆடும்போது, எங்கள் நகரத் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று வந்து என் கைப்பையிலிருந்த வாழைப்பழத்தைப் பையோடு இழுத்தது. விமானம் ஏறிக்கொண்டிருந்ததால் பழத்தை விட்டுக்கொடுத்தேன். கடைசியில் கலியாணக் காப்பு இரண்டும் அடகுக்குப் போயின. அடகு வைக்கும் இடத்தில் வரிசையில் நின்ற எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை, அது ஒரு மரியாதை.

இனி என் மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் மூத்த அக்கா. சூதாட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்துகிற ஆள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வரும்போது மட்டும் கோயில் வாசலில் இரண்டு லொத்தர் டிக்கட் வாங்குவா. அதற்குத் திருநீறு பூசி, சாமிப் படத்துக்குக் கீழே வைத்து, சீட்டிழுப்பு வரைக்கும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சாப்பிடமாட்டா. "அது சூதில்லைப் பிள்ளை, அது அரசாங்கத்துக்குச் செய்யிற உதவி" என்று ஒரு முறை விளக்கினா. கடவுளையும் அரசாங்கத்தையும் ஒரே டிக்கட்டில் கூட்டுச் சேர்த்தவவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

மூதூரில் ஒரு கலியாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக அந்தக் காப்பு இரண்டையும் இரவல் கேட்டு ஒரு சனிக்கிழமை பின்னேரம் மச்சாள் வந்தா. அலுமாரியைத் திறப்பது போலத் திறந்து, தேடுவது போலத் தேடி, என்ன பொய் சொல்லலாம் என்று உள்ளே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பார்சல் வந்தது. தம்பியின் பெயருக்கு வந்த பார்சலை அக்கா உடைக்காமல் விடுவாவா? உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு டீசேட், ஒரு தொப்பி, ஒரு வாழ்த்து அட்டை. 'எங்கள் தங்க வாடிக்கையாளருக்கு' என்று போட்டு, கணவரின் முழுப்பெயரும், கீழே சூதாட்டக் கம்பனியின் பெயரும் அச்சடித்திருந்தது. பதினான்கு மாதம் தோற்றதற்குக் கிடைத்த விருது அது.

பேக்கரிப் பாணும் கையுமாகக் கணவர் வேலையால் வந்தார். மச்சாள் டீசேட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றா.

"தம்பி, இது என்னடா?"

அவர் அட்டையை வாங்கி வாசித்தார். தன் பெயரை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பாப்பம் அக்கா" என்றார்.

காப்பு இல்லை, பார்சல் இருக்கிறது. மச்சாள் இரண்டையும் கூட்டிக் கணக்கை முடித்துக் கதிரையில் விழுந்து அழத் தொடங்கினா. "மனிசியின்ர காப்பையும் கொண்டு போய் அழிச்சுப் போட்டானே!"

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? தேத்தண்ணீர் ஊற்றினேன். சீனி அளவாகப் போட்டு, மச்சாளுக்கு ஒன்றும் அவருக்கு ஒன்றும் கொண்டுவந்து வைத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கத்தில் காது சுடுகிறது.

மறுநாளிலிருந்து அவரைத் திருத்துவதற்கு ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஒழுங்கையிலுள்ள பிள்ளையார் கோயிலின் பரிபாலன சபைத் தலைவர் வந்தார். ஓய்வு பெற்ற மனிதர், ஞாயிறு தோறும் நண்பர்களோடு காசு வைத்துச் சீட்டுக் கடதாசி விளையாடுகிறவர். "தம்பி, எதுக்கும் ஒரு அளவு வேணும். என்னைப் பாரும், ஐம்பது வருசமா விளையாடுறன். ஒரு நாளும் அடிமையாகேல்லை" என்றார். ஐம்பது வருடத்தில் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை என்றும் பெருமையாகச் சொன்னார். கணவர் தலையை ஆட்டினார். அவருக்குக் கடதாசியில் சிவப்பு ஆடுதனுக்கும் கறுப்புக் கிளாவருக்கும் வித்தியாசம் தெரியாது.

மச்சாள் அவருடைய சாதகத்தைக் கொண்டுபோய்ச் சாத்திரியிடம் காட்டினா. சனி பார்க்கிறது, எலுமிச்சங்காய் வெட்ட வேண்டும், ஆனால் இந்த மாதம் திடீர்த் தனவரவு உண்டு என்று சாத்திரி சொல்லியிருக்கிறார். மச்சாள் எலுமிச்சங்காயை வெட்டிவிட்டுத் தனவரவை நம்பி மேலதிகமாக ஐந்து டிக்கட் வாங்கினா. நான் மட்டும் சளைத்தவளா? தனவரவு அவருடைய சாதகத்தில்தானே இருக்கிறது, கணக்கும் அவருடைய பெயரில்தானே இருக்கிறது என்று யோசித்து, அன்றைக்கே மிச்சமிருந்ததையும் கட்டினேன். சாத்திரி பொய்த்தார். ஒரு மனிதனைச் சூதிலிருந்து மீட்க நடந்த அந்தப் பரிகாரத்தில் இரண்டு பெண்கள் காசு விட்டோம்.

இவ்வளவுக்கும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். அவர் சாப்பிட்டார், கோப்பையைக் கழுவினார், வேலைக்குப் போனார்.

பிறகுதான் விஷயம் உண்டியல் சாவிக்கு வந்தது. பன்னிரண்டு வருடமாகக் கோயில் உண்டியலின் சாவி அவரிடம் இருக்கிறது. வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு போய், திறந்து, எல்லோர் முன்னாலும் கொட்டிவிட்டு, கைகளை விரித்துக் காட்டிவிட்டுத் தள்ளி நிற்பார். படிவம் நிரப்பி எடுத்த பதவி அல்ல அது. ஊர் அவரைப் பார்த்துக் கொடுத்தது. அந்தச் சாவியைப் பற்றி அவர் பேசியதே இல்லை, ஆனால் அதை முடிந்துகொண்டு நடக்கும்போது கொஞ்சம் உயரமாகத் தெரிவார். சூதாடுகிற கையில் உண்டியல் சாவி இருக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் திருப்பிக் கேட்கப் போகிறோம் என்று தலைவர் சொல்லி அனுப்பினார். அன்று திங்கள். என் வாயைத் திறக்க எனக்கு ஆறு நாள் இருந்தது.

புதன்கிழமை மச்சாளின் வீட்டுக்குப் போனேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "மச்சாள், ஆடினது அவரில்லை. நான்தான்" என்றேன்.

மச்சாள் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தா. கண் கலங்கியது. எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. "புருஷன்ர பழியைத் தன்ர தலையில போடுறாளே! உன்னைப் போல ஒருத்தி கிடைக்க அவன் என்ன தவம் செய்தானோ?"

"இல்லை மச்சாள், உண்மையாத்தான்…"

"ஒண்டும் சொல்லாதை பிள்ளை. எனக்கு விளங்கும்."

அன்று பின்னேரத்துக்குள் நான் லிங்கநகரின் பத்தினி ஆகிவிட்டேன். குடத்தோடு நின்ற பெண்கள் எனக்குக் குழாயடியில் இடம் விட்டார்கள். உண்மையைச் சொன்னதால் இவ்வளவு நன்மை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. அவருக்குத்தான் அது இன்னும் கெடுதலாகப் போனது. இப்படிப்பட்ட மனிசியையும் அழ வைக்கிறானே என்று ஏச்சு இரண்டு மடங்கானது.

சனிக்கிழமை, மூதூரிலிருந்து கணவரின் நண்பர் இறாலோடு வந்தார். துறைமுகத்தில் ஒன்றாக வேலை செய்து, இப்போது மீன் வியாபாரம் செய்கிற முஸ்லிம் மனிதர். வந்தவர்களில் புத்தி சொல்லாத ஒரே ஆள். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்.

"மச்சான், நம்மட தம்பியும் இதுல மாட்டினவன்தான். ஓதி ஊதிப் பாத்தோம், ஏசிப் பாத்தோம், வாப்பா அடிச்சும் பாத்தாரு. ஒன்டும் சரி வரல்ல. பொறகு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனோம். சல்லிக் காசும் எடுக்கிறல்ல. இருத்தி வெச்சுக் கதைக்கிறாங்க. இது கெட்ட கொணம் இல்ல, வருத்தம், ஒரு நோய் என்டுதான் சொன்னாங்க. இப்ப அவன் பரவாயில்ல."

கணவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, வழக்கத்தைவிட உரத்த குரலில் கேட்டார். "எந்த நாள் கிளினிக்?"

"வியாழக்கிழம."

"வியாழக்கிழமையோ?" என்று இன்னும் உரத்துச் சொன்னார். நண்பருக்குக் காது நன்றாகக் கேட்கும். அந்தக் கேள்வி எனக்காகக் கேட்கப்பட்டது என்று விளங்கியபோது கையிலிருந்த இறாலை உரிக்காமலே சட்டியில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நானும் போனேன். பரிபாலன சபைக் கூட்டத்தில் பெண்களுக்குக் கடலை பரிமாறும் உரிமை உண்டு. கடலைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "ஆடினது நான். இவருக்கு ஒண்டும் தெரியாது" என்றேன். தலைவர் புன்னகையோடு கையைக் காட்டினார். "பிள்ளை, உங்கட மனசு எங்களுக்குத் தெரியும். இருங்கோ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் ஒரு பெண் இவ்வளவு மன்றாட வேண்டுமா? கைபேசியை எடுத்து, பெருவிரலை வைத்துத் திறந்து, மேசை நடுவில் வைத்தேன். விமானம் ஏறியது. எப்போது கட்டுவது, எப்போது அமத்துவது, எத்தனை தரம் தோற்றால் ஒரு தரம் தருவார்கள், காசு போதாவிட்டால் எந்த வழியால் போடுவது என்று பத்து நிமிடம் விளக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனத்தோடு ஓர் ஆண்கள் கூட்டம் நான் சொன்னதைக் கேட்டது அன்றைக்குத்தான். ஒருவரும் கடலையைத் தொடவில்லை.

"இது எத்தினை மடங்கு வரைக்கும் ஏறும் பிள்ளை?" என்று தலைவர் கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே வெட்கமாகிப் போய்த் தொண்டையைச் செருமினார்.

இப்போது நம்பிவிட்டார்கள். சாவி தப்பியது என்று நினைத்தேன். அவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பிறகு தலைவர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, குறை நினைக்காதையும். தன்ர பேரில, தன்ர வீட்டுக்குள்ள, பொஞ்சாதி என்ன செய்யிறா எண்டு தெரியாத ஆளிட்டை கோயில் உண்டியலை எப்பிடி விடுறது?"

சூதாடி என்ற பெயரை அவரிடமிருந்து கழற்றி எடுத்தேன், ஏமாளி என்ற பெயரை மாட்டி அனுப்பினார்கள். அவர் மடிப்பை அவிழ்த்து, சாவியை எடுத்து, கடலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கைகளை விரித்துக் காட்டினார். அது அவருக்கு வந்த பழக்கம். யாரும் பார்க்கவில்லை.

வரும் வழியில், "நான் வீட்டுக்காகத்தான் ஆடினனான்" என்றேன்.

"ஓம்" என்றார்.

"நான்தான் எண்டு முதலே தெரியுமோ?"

"இந்த வீட்டில என்ர பேரை எழுதுறது ஒராள்தானே" என்றார்.

வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போனோம். வரிசையில் பக்கத்தில் இருந்த பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, "இவருக்கு என்ன செய்யுது?" என்று என்னிடம் கேட்டா. உளவளத்துணை செய்பவ ஓர் இளம் பெண். நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டி எழுதிக்கொண்டே போனா. ஆச்சரியப்படவே இல்லை. பெண்களும் நிறையப் பேர் வருகிறார்கள் என்றா. ஊரையே நம்பவைக்கப் பாடுபட்ட எனக்கு இவ இவ்வளவு சுலபமாக நம்பியது கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

"பொறுப்போடை, கொஞ்சமா ஆடலாமோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சத்தோடை நிப்பாட்ட உங்களுக்கு ஏலுமெண்டா இந்தக் கதிரைக்கு வந்திருப்பீங்களோ அக்கா?"

கணக்கை நிரந்தரமாக மூட வைத்தா. கொஞ்சக் காலத்துக்குச் சம்பள அட்டையைக் கணவரிடம் கொடுக்கச் சொன்னா. ஆசை எழும்பினால் தனியே இருக்காமல் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும், போனதை மீட்கத் திரும்ப ஆடவே கூடாது, இரண்டு கிழமைக்கு ஒருதரம் வர வேண்டும். சொன்னதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் என்னைப் பத்தினி ஆக்காமலும் பாவி ஆக்காமலும் ஒருவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தரம்.

ஒரு நாள் கடைத்தெருவில் சபைத் தலைவர் என்னை மறித்தார். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அந்த விமானத்தின் பெயர் என்ன என்று மெதுவாகக் கேட்டார். புதிதாக ஆள் சேர்த்துக் கொடுத்தால் கம்பனி பரிசுக் காசு தரும் என்பது ஞாபகம் வந்து என் விரல் ஒருதரம் துடித்தது. உண்மையைச் சொல்கிறேன், துடித்தது. "கிளினிக் வியாழக்கிழமை ஐயா" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைப்பதில்லை.

ஐந்தாம் முறை போனபோது, மூடுவதற்கு முன் இறக்கி வைத்திருந்த கணக்கின் பழைய பதிவுகளை இருவரையும் ஒன்றாக இருந்து பார்க்கச் சொன்னா அந்தப் பெண். கணவர் களஞ்சியத்துப் பட்டியல் பார்க்கிற பொறுமையோடு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பி வரும்போது துறைமுக வீதியில், பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் கேட்டார்.

"தோத்ததை ஒளிச்சது எனக்கு விளங்குது. ஆனா சித்திரையில ஒரு நாள் நீர் வெண்டிருக்கிறீர். பெரிய காசு. அதை ஏன் ஒளிச்சனீர்?"

நான் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தேன்.

"அண்டைக்கே காப்பை மீட்டிருக்கலாமே" என்றார்.

"மீட்டா, பிறகு ஆடக் காசு இராது" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப, வீட்டுக்காக எண்டது?"

"பொய்."

வீட்டுக்காகக் கெட்டுப்போன மனிசி ஒருத்திக்காகத்தான் அவர் இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அப்படி ஒருத்தி இருக்கவில்லை. கூட்டத்தில் சாவியை வைத்தபோது அழாத மனிதர், துறைமுக வீதியில், பட்டப்பகலில், பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்க்க அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.